இருபத்துமூன்றாவது செய்தி

காலை பத்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது திரையில் பச்சை நிறத்தில் 23 என்ற எண். அனுப்பக் காத்திருந்த செய்திகளில் கடைசியாக வந்ததன் இடம் அது. எண்பதுகளின் பிற்பகுதி, மழைக்காலம். செம்பூரில் ஒரு ரசாயன ஆலையின் கணினி அறையில் நான் ஆபரேட்டர். தலைமை அலுவலகத்துக்கும் துறைமுகத்துப் பம்பு நிலையத்துக்கும் சேர்த்து எங்களுக்கு இருந்தது மெதுவான ஒரே இணைப்பு.

செய்திகளுக்கு மூன்று தரம் உண்டு. ஒன்றாம் தரம் ஆபத்துக்கு மட்டும். அது மற்றவற்றை முந்திச் செல்லும். ஆனால் எந்த அதிகாரி சாப் கொடுத்தாலும் நான் ஒன்றைத்தான் அழுத்துவேன். இரண்டு போட்டால் அவர் மனம் கோணும். மாதுங்காவிலிருந்து வரும் மேற்பார்வையாளர் அம்மாள் கேலி செய்வார். "நன்னா இருக்கு. கேன்டீன் மெனுவும் ஒண்ணாம் நம்பர். ட்ரெயின்ல லேடீஸ் டப்பாவிலகூட இப்படி இடிச்சுண்டு ஏறமாட்டா." சிரிப்பேன், பழக்கத்தை மாற்றவில்லை.

இருபத்துமூன்றாவது செய்தி தொட்டிக் கொட்டகையிலிருந்து வந்தது: நாலாம் தொட்டியில் அழுத்தம் ஏறுகிறது, வால்வு மூடவில்லை, துறைமுகத்தில் பம்பை நிறுத்தவும். அதுவும் ஒன்றாம் தரம்தான். முன்னால் நின்ற இருபத்திரண்டும் அதே தரம் என்பதால் கடைசியில் காத்திருந்தது. மழையில் தொலைபேசிகள் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தன. இணைப்பில் அப்போது போய்க்கொண்டிருந்தது பொது மேலாளரின் மாத அறிக்கை. அது முடியவே இன்னும் நாற்பது நிமிடம்.

அம்மாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "அறுத்து விடுங்கோ."

"ஜி.எம். ரிப்போர்ட் மேடம். நடுவுல அறுத்தா வேல போயிரும்லா."

"காத்து எந்தப் பக்கம் அடிக்கறது, பாருங்கோ."

சன்னலுக்கு வெளியே ஆலைக் கொடி கோவண்டிப் பக்கமாகப் பறந்தது. அங்கேதான் என் வீடு. மனைவி, ஏழு மாதக் குழந்தை. அப்படியும் என் விரல் விசைக்கு மேலேயே நின்றது. தொட்டியின் நிறம்கூட இன்று நினைவில்லை. அந்த விரலை நினைத்தால் இப்போதும் பயம் வருகிறது.

"நகருங்கோ" என்று அவரே அழுத்தினார். அறிக்கை பாதியில் நின்றது. மற்ற அத்தனையையும் மூன்றாம் தரத்துக்குத் தள்ளிவிட்டு அந்த ஒன்றை அனுப்பினார். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், பம்பை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது.

தொட்டி வெடிக்காததால் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அறிக்கை அறுந்ததற்கு விசாரணை வைத்தார்கள். யார் அழுத்தியது என்று என்னைக் கேட்டார்கள்.

மேற்பார்வையாளர் அம்மாள் என்றேன்.