முறுக்காமல் விட்ட நட்டு

என் மனைவியின் காலில் கொதிக்கிற எண்ணெய் கொட்டியதற்கு நான்தான் காரணம். அவள் மீன் வறுக்கும் மேசையின் ஒரு காலைத் தெரிந்தே இறுக்காமல் விட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

பொறாமையால் செய்தேன். என் சகலை சேகர்மேல் பொறாமை. என் மனைவி மல்லிகாவின் தங்கையைக் கட்டியவன் அவன். திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பில், அதே மூன்றாம் மாடியில், எதிர் வீடு.

மல்லிகா மாலை நேரத்தில் தெருமுனையில் மீன் வறுத்து விற்கத் தொடங்கியபோது ஒரு மேசை தேவைப்பட்டது. நானே செய்கிறேன் என்று மார்தட்டினேன். துறைமுகத்தில் கழித்துக்கட்டும் பெட்டி மரத்தை வாங்கிவந்து, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஆணி அடித்துச் செய்தேன். நல்ல கனமான மேசை. ஆனால் மாடிப்படியின் திருப்பத்தில் அது திரும்பவே இல்லை! சாய்த்தோம், கவிழ்த்தோம், தலைகீழாகத் தூக்கினோம். மாடிக்கு மாடி கதவைத் திறந்து சனம் வேடிக்கை பார்த்தது.

“மேசைய அளந்தாரு எங்க வூட்டுக்காரு. படிய அளக்கல” என்று மல்லிகா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... சிரித்ததுபோல் நின்றேன்.

மறு வாரமே சேகர் ஒன்று செய்தான். அதே பெட்டி மரம். ஆனால் கால்கள் தனி, பலகை தனி. ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு போல்ட். பலகைக்கு அடியில் கனத்த கட்டை, அதில் பதித்த நட்டு. காலைத் திருகினால் ஏறிக்கொள்ளும். பிறகு அது கழலாமல் பிடிக்கும் இரண்டாவது நட்டை, செக் நட்டை, ஸ்பேனரால் இறுக்கிவிட்டால் அசையாது. கடை முடிந்ததும் கால்களைக் கழற்றிச் சாக்கில் போட்டு, பலகையைத் தோளில் வைத்து மாடி ஏறிவிடுவான். கீழே விட்டு வைத்தால் மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போய்விடுமே.

“மூளைன்னா இது மூளை. குனிஞ்சி பாரு, அந்தக் கால எப்டி மாட்டிக்கீறான்னு” என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மல்லிகா சொல்வாள். என் தட்டில் விழும் துண்டு அவனுக்குப் போட்டதைவிடச் சிறியதோ என்றுகூடப் பார்ப்பேன். இத்தனைக்கும் அவன் என்னை ஒரு வார்த்தை கேலி செய்ததில்லை. செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அதோடு தீர்ந்திருக்கும்.

தினமும் கால் மாட்டுவது அவன்தான். ஒருநாள் அத்திப்பட்டில் வேலை முடியத் தாமதமாகும் என்று போன் செய்தான்.

“அண்ணாத்த, இன்னிக்கி நீயே மாட்டிடு. கையால திருவினா மட்டும் நிக்காது. செக் நட்ட ஸ்பேனர் போட்டு இறுக்கிடு, இன்னா?”

மூன்றை இறுக்கினேன். நான்காவதில் ஸ்பேனரை வைத்தேன்... எடுத்துவிட்டேன்.

கொஞ்சம் ஆடட்டும் என்று நினைத்தேன். ‘இன்னா மேசை செஞ்சிகீறான் இவன்’ என்று மல்லிகா வாயிலிருந்து ஒருமுறை வந்தால் போதும். அடுப்பும் வாணலியும் அதன்மேல்தான் ஏறும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நினைப்பு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேறு என்ன சொல்ல?

கூட்டம் கூடிய நேரத்தில் அந்தக் கால் கழன்றது. மேசை சாய்ந்தது. மல்லிகா அலறியதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சேகர் வேலை உடையோடு ஓடிவந்தான். “நட்டு நாலையும் இறுக்கினியா அண்ணாத்த?” என்று கேட்டான். “இறுக்கினேன்” என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை.

“பொட்டி மரம் மெத்து. நட்டப் புடிச்சி நிக்கல. எம்மேலதான் தப்பு” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவனால் அழ முடிகிறதே என்று பொறாமை... அந்த இடத்திலும்!

அவன் அந்த மேசையை உடைத்து அடுப்புக்குப் போட்டான். அதன்பின் உளியைத் தொடவில்லை. மல்லிகா அவனோடு பேசுவதை நிறுத்தினாள். தங்கை தன் புருஷனுக்குப் பரிந்து பேசினாள். அக்காவும் தங்கையும் முறைத்துக்கொண்டார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இருவர், இப்போது ஒரே படியில் எதிரெதிரே வந்தால் சுவர்ப் பக்கம் பார்க்கிறார்கள். தங்கை குழம்பு கொடுத்தனுப்பினாள். மல்லிகா கிண்ணத்தைத் திறக்காமலே திருப்பியனுப்பினாள்.

நான் ஒரு வாக்கியம் சொன்னால் இரண்டு வீட்டுக் கதவும் திறக்கும். ஏன் சொல்லவில்லை? பயமா? பயம்தான். ஆனால் அது மட்டுமென்றால் பொய். இப்போது மல்லிகா சேகரைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது... இதைவிடக் கேவலமாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

புண் ஆறிவிட்டது. பாதத்தின் தோல் சுருங்கிக் கிடக்கிறது, செருப்பு வார் படக்கூடாது. கடையை மறுபடி போட்டிருக்கிறாள். மடக்கும் இரும்பு மேசை ஒன்று வாங்கினோம். நான்தான் தினமும் விரிக்கிறேன். வேறு யாரையும் தொடவிட மாட்டாள்.

“ஆட்டிப் பாத்தியா?” என்று கேட்கிறாள்.

“பாத்தேன்.”

“நீ சொன்னா சரி.”

அடுப்பைப் பற்றவைக்கிறாள். வெந்த அந்தக் காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு உட்காருகிறாள்.