நைனா விழுங்கிய பல்

ரஸ்தாளிப் பழத்தை யாராவது உரித்தால், அந்த வாசனைக்கு இன்றும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அறுபதுகளில், செஞ்சியில் நான் ஆறாவது படித்த வருடத்துக் கார்த்திகை மாதம் அது. நாங்கள் சமணர்கள்; இருட்டிய பிறகு எங்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. "பொழுதோட சாப்புடு" என்பதுதான் சட்டம். அதிலும் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டாலே அம்மாவுக்குப் பொழுது போனதாகக் கணக்கு என்பதால், கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தினமும் ஓடிவந்து, உட்கார்ந்தும் உட்காராமலும் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்.

அன்றைக்கும் அப்படித்தான் அவசரமாக விழுங்கினார், முன்வரிசையில் கம்பிக் கொக்கியால் மாட்டியிருந்த பொய்ப்பல்லையும் சோற்றோடு சேர்த்து. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "குத்துது" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முந்தின வருடம் நான் ஐந்து பைசாவை விழுங்கியபோது அம்மா ரஸ்தாளிப் பழம் கொடுத்துத்தான் இறக்கியிருந்தாள். அதே வைத்தியம்தான் இதற்கும் என்று முடிவுகட்டினாள். காசுக்குக் கொக்கி கிடையாது என்பது, பாவம், அவளுக்கு உறைக்கவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள முழுங்கிடுங்க, அப்புறம் ஒண்ணும் குடுக்க முடியாது" என்று அவசரப்படுத்தினாள். நான் உரித்துக் கொடுக்கக் கொடுக்க அவள் ஊட்டினாள். மூன்றாவது பழத்தில் நைனா கண்ணில் நீர் முட்ட, வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான்தான் வாசலுக்கு ஓடி மலையைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் வெளிச்சம் இருக்குது நைனா, இன்னொண்ணு" என்றேன். என் பேச்சைத் தட்டாதவர், அதையும் விழுங்கினார்.

விடியும்போது எச்சிலில் ரத்தம். முதல் பஸ்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். "எதையும் குடுக்காம அப்பவே கூட்டினு வந்திருக்கணும்மா. பழம் தள்ளினதுல கம்பி உணவுக்குழாயக் கிழிச்சிருக்குது" என்றார் டாக்டர். மார்புக்குள் சீழ் பிடித்து, ஒன்பதாம் நாள் நைனா போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்கும்போதெல்லாம் அம்மா, "நான்தான் குடுத்தேன், நானே கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விடுவேன்.

இப்போது அந்தக் கடை இல்லை, வீட்டையும் இடித்து மாடி கட்டிவிட்டார்கள். என் பேரப்பிள்ளைகள் டிவி பார்த்தபடி பத்து மணிக்குச் சாப்பிடுகிறார்கள். நான் அதட்டுவதில்லை, மெதுவாகவே மெல்லட்டும். அம்மாவும் போய்ப் பல வருடமாகிறது. "இன்னொண்ணு" என்று நான் அன்று சொன்னதை அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை, என்னையும் கேட்கவில்லை. "நீ மட்டும் இல்லம்மா, நானும்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். அந்தத் தைரியம் எனக்கு வந்தபோது, கேட்க அவள் இல்லை.