கண் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்

போன மாதம் ஒரு காலை, ஆவடிப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில், கண் டாக்டர் அறைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. துணைக்கு என்னை இழுத்து வந்த சாந்தியின் கண்ணுக்கும் ஒன்றுமில்லை. இன்னும் சொல்லப்போனால், அந்தப் பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை!

அடுத்த அறை வாசலில் 'காசநோய்ப் பிரிவு' என்று போர்டு. அதன் கீழேயும் நல்ல பெஞ்சு. பக்கத்தில் பெரிய ஜன்னல், மேலே ஃபேன். ஆனால் ஒருவர் கூட அதில் உட்காரவில்லை. அங்கே வந்தவர்கள் எல்லாரும் மாஸ்க்கும் முந்தானையுமாகக் கண் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கியிருக்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்.

எனக்கு ஆச்சரியம். இந்த வாசலுக்கு வருவதற்குள் இவர்கள் எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பார்கள்?

சாந்தி ஏறி இறங்கியது எனக்குத் தெரியும். அம்பத்தூரில் என் பக்கத்துப் போர்ஷன்காரி. அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. இருமல் ஆரம்பித்ததும் முதலில் தெருமுனை மெடிக்கல் ஷாப். "இருமலுக்கு ஒரு செட்டு குடுண்ணா..." செட்டு என்றால் தெரியும்தானே? வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பாதியாக உடைத்த ரோஸ் ஒன்று — சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். என்ன மாத்திரை என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

அடுத்து, ஊசி போடுகிற டாக்டர். ஊசி போட்டால் கொஞ்ச நாள் தெம்பு. தெம்பு போனால் மறுபடி ஊசி. அதன் பிறகு ஆடாதொடைக் கஷாயம். அதுவும் முடிந்து, "கண்ணு பட்டுகீது" என்று யாரோ சொல்ல, பக்கத்து ஊரான பாடியில், தண்ணீர் ஓதித் தருகிற ஒரு பாயிடம் போனாள். அவர் ஓதிக் கொடுத்துவிட்டு, "இதக் குடிச்சுக்கம்மா. ஆனா நாளைக்கே போய் சளி டெஸ்ட் எடுத்துடு. என் தம்பிக்கும் இப்படித்தான் சாயங்காலமானா காய்ச்சல் வந்துச்சு" என்றாராம்.

சரி, அம்பத்தூரிலேயே எடுத்திருக்கலாமே?

"இன்னா பெரிம்மா நீ! இங்க போனா கூட வேல செய்ற யாராச்சும் பாத்துடுவாங்க. ஆவடின்னா நமக்குச் சொந்தம், பந்தம் யாருமே இல்ல. நீ தொணைக்கு வா. நீதான் யாராண்டயும் வாயத் தொறக்க மாட்டியே!"

என் கூச்ச சுபாவத்துக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

சாந்தி பயந்தது தனக்காக இல்லை. மகள் ரேவதிக்காக. பூந்தமல்லிப் பக்கம் நசரத்பேட்டையில் கட்டிக் கொடுத்த ஒரே பெண். ஏழு மாதக் கர்ப்பம். வளைகாப்பு முடிந்ததும் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரவேண்டும். வீடென்றால் என்ன, ஓர் அறையும் சமையல்கட்டும். இப்படி இருமிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சியை எப்படிப் பக்கத்தில் படுக்க வைப்பாள்? சம்பந்தி வீட்டில் உண்மையைச் சொன்னால், 'உங்கம்மாவுக்கு அந்த வியாதி' என்று பெண்ணை ஆயுசுக்கும் குத்திக் காட்டினால்?

ஆகவே வளைகாப்பைத் தள்ளிப் போட்டாள். முதலில், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றாள். பிறகு, நாள் சரியில்லை என்றாள்.

ரேவதியின் மாமியார் கஸ்தூரியோ விடுவதாக இல்லை. வாராவாரம் போன். "ஏழாம் மாசமே வளையல் போட்டு, கையோட கூட்டிகினு போய்டுங்க சம்பந்தி!"

"பாத்தியா பெரிம்மா, மாசமா கீற பொண்ணத் தொரத்துறதுல எவ்ளோ அவசரம்! ரெண்டு வேள சோறு போட அந்தம்மாவுக்கு வலிக்குது" என்று சாந்தி என்னிடம் பொரிந்து தள்ளுவாள்.

அந்தக் கோபத்தோடுதான் அன்றைக்குக் கண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு யாரையும் எதுவும் கேட்கக் கூச்சம். ஆனால் காதுக்கு என்ன கூச்சம்? ஒரு பெண் திருநின்றவூரிலிருந்து வந்திருந்தாள். ஒரு பெரியவர் செம்பரம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். ஆவடிக்காரர் ஒருத்தர்? ம்ஹூம்.

"அப்ப ஆவடி ஆளுங்கள்லாம் எங்க போறாங்க தாத்தா?" என்று சாந்தியே கேட்டுவிட்டாள்.

"எங்க பக்கந்தான் வராங்க! வரும்போது எதிர்ல வந்த பஸ்ல பாத்திருப்பேன்" என்று பெரியவர் சிரித்து, சிரிப்பிலேயே இருமினார்.

சாந்தியைக் கூப்பிட்டு, ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். பாத்ரூம் பக்கம் போனவள் சீக்கிரமே திரும்பி வந்து கொடுத்தாள். லேப் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இது எச்சி. எனக்குச் சளி வேணும். நெஞ்சுல இருந்து வரணும்."

"அசிங்கமா இருக்குமேன்னு வாய நல்லா கொப்புளிச்சுட்டு, சுத்தமா குடுத்தேம்மா..."

சிரிக்கவா முடியும்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆண்கள் ரோடு பூராவும் காறித் துப்பிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் இருமலைக்கூட முந்தானைக்குள் இருமிப் பழகியவர்கள். நெஞ்சில் இருப்பதை எடுத்து ஒருவர் கையில் கொடு என்றால் சுலபமா?

"பின்னாடி மரத்தாண்ட காத்தாட நின்னு, நல்லா மூச்ச இழுத்து இருமுங்க. யாரும் பாக்க மாட்டாங்க" என்று இன்னொரு டப்பா கொடுத்தாள் அந்தப் பெண்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பாதாம் மரம். ஏற்கெனவே ஓர் அம்மாள் அங்கே, முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் முக்காட்டோடு. சாந்தி மரத்துக்கு இந்தப் பக்கம் திரும்பி நின்றாள். அந்தப் பக்கம் ஓர் இருமல், இந்தப் பக்கம் ஓர் இருமல். நான் தள்ளி நின்றேன்.

டப்பாவை மூடிவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"சம்பந்தி...!"

கஸ்தூரியேதான்.

"நீங்க இன்னா இங்க?" என்றாள் சாந்தி.

"சும்மா... இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். நீங்க?"

"நானும்... ஒரு வேலையா..."

இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி டப்பா!

கஸ்தூரிதான் முதலில் உடைந்தாள். மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மாசக் கணக்கா இருமறேன் சம்பந்தி. புள்ளத்தாச்சிய ஊட்டுல வெச்சுகினு எனக்குத் தூக்கம் வருமா? அதான் கூட்டிகினு போங்க, கூட்டிகினு போங்கன்னு உங்க உயிர எடுத்தேன். நீங்க இன்னாடான்னா வெள்ளையடிக்கிறேன், கொள்ளையடிக்கிறேன்னு... பெத்த பொண்ணு மேல பாசமில்லாத பொம்பளன்னு உங்கள நான் திட்டாத திட்டு இல்ல!"

"நானும்தான் உங்களத் திட்டினேன். வோணும்னா இந்தப் பெரிம்மாவக் கேளுங்க."

நான் சட்டென்று பாதாம் மரத்தில் காய் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஒருத்தி அம்பத்தூரை விட்டு ஓடுகிறாள், இன்னொருத்தி பூந்தமல்லிப் பக்கத்தை விட்டு ஓடுகிறாள். சொந்தம் இல்லாத ஊர் என்று கணக்குப் போட்டு, இரண்டு பேரும் ஒரே மரத்தடிக்கு வந்து சேர்கிறார்கள். நடுவில், தாய் வீடும் கூப்பிடாமல், மாமியார் வீடும் இருக்கச் சொல்லாமல், ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையோடு தவித்துக்கொண்டிருக்கிறாள்.

ரிசல்ட் வந்தது. சாந்திக்கும் இருந்தது, கஸ்தூரிக்கும் இருந்தது. வீட்டில் எல்லாரையும் அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர். ரேவதிக்குப் பரிசோதனை முடிகிற வரைக்கும் இரண்டு அம்மாக்களும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு அழுகை.

ரேவதி அழவில்லை. முறைத்தாள். "என்னிய இங்கயும் வேணாம், அங்கயும் வேணாம்னு உருட்டி உட்டீங்களே! யாருக்குமே நான் வேணாம்னுல்ல நெனச்சுகினு இருந்தேன்? ஒரு வார்த்த சொன்னா இன்னா?"



ரேவதி இப்போது வேலப்பன்சாவடியில் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் போன் போட்டு, "முழுங்கிட்டீங்களா சம்பந்தி?" என்று விசாரித்துக்கொள்கிறார்கள். போன வாரம் மறுபடி பார்த்துவிட்டு, ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைக்கலாம், பெண்ணைத் தாராளமாக வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கும் துணைக்குப் போயிருந்தேன். பழக்க தோஷம், நேரே போய்க் கண் பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை. சம்பந்திகள் இருவரும் போர்டுக்கு நேர் கீழே ஜம்மென்று உட்கார்ந்து, வளையலுக்கு எந்தக் கடை என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சம்பந்திக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே எவளுக்குப் பயப்படணும்? நீ இன்னா பெரிம்மா அங்க குந்திகினு கீற? இங்க வா, ஃபேன் கீது!"

கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. எழுந்து போய் உட்கார்ந்தேன். காற்று நன்றாகவே வந்தது.