ப்ளூபெர்ரி காப்ளரும் இரண்டு வீடு தள்ளி இருக்கிறவளும்

ஆறு வருடத்தில் என் வீட்டில் அவள் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது என்பதுதான் கேவலம்.

அவள் இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வரிசையாக ஒரே மாதிரி கட்டிய டவுன்ஹவுஸ்கள். அவளுக்கு ஒரு மகள், எனக்கு ஒரு மகள். இரண்டும் ஒன்பது வயது, ஒரே வகுப்பு, ஒரே நீச்சல் பயிற்சி. ஒரு நாள் நான் கூட்டிப்போவேன், ஒரு நாள் அவள். அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்கும் படிவத்தில் என் கணவருக்கு அடுத்து அவள் நம்பரைத்தான் எழுதியிருக்கிறேன். எனக்குப் பித்தப்பையை எடுத்தபோது மூன்று நாள் என் மகளைத் தன் வீட்டில் வைத்து, தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். இந்த ஊரில் எனக்கு வேறு ஆள் கிடையாது. நான் பேசுகிற பேச்சுக்கு வேறு யாரும் நிற்கவும் மாட்டார்கள்.

அவர்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. நாங்கள் திண்டுக்கல் பக்கம். கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. இங்கே யாரும் யாரையும் என்ன ஜாதி என்று கேட்பதில்லை. நாகரிகமானவர்கள். "நீங்க எக் சாப்பிடுவீங்களா?" என்று கேட்பார்கள். அது போதும். நாம் சொல்லும் பதிலை வைத்து மீதியை அவர்களே தெரிந்துகொள்வார்கள். அப்புறம் எல்லோரும் சமைத்துக் கொண்டுவரும் விருந்துகளில் நம் பாத்திரம் மட்டும் தொடாமல் அப்படியே இருக்கும்.

அவள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. அதனாலேயே இவள் வேறு மாதிரி என்று நம்பினேன்.

என் வீட்டுக்கு வந்தால் அவளுக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். "இன்னிக்கு சஷ்டி." "இப்பதான் சாப்ட்டு வந்தேன்." "அசிடிட்டி, நெஞ்செல்லாம் எரியறது." கடைசியில், "பேக் பண்ணிக் குடுங்க, வீட்டுக்குப் போய் சாப்பிடறேன்." நானும் தயிர் டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். மறுநாள் "சூப்பரா இருந்தது" என்பாள். அதிரசத்துக்கும் அதே சூப்பர், எலுமிச்சை சாதத்துக்கும் அதே சூப்பர். உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என் கணவர் குறை சொல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. வாயில் வைத்த மனுஷன் ஏதாவது ஒன்று சொல்வான். அங்கேதான் எனக்கு முதலில் இடித்தது.

சந்தேகம் வந்துவிட்டால் எனக்கு அது அடங்காது. போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழிப்பணியாரம் சுட்டேன். வேண்டுமென்றே உப்பே போடாமல் ஒரு ஈடு தனியாக எடுத்து, அதை அவளுக்கு டப்பாவில் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை குப்பை வண்டி வரும் நாள். எல்லார் வீட்டுத் தொட்டியும் ரோட்டோரம் நின்றது. ஆறரை மணிக்கு என் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போய் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்க வேண்டும். இரண்டு வீடு நடந்து போய் அவள் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். கட்டிய பைகளுக்கு மேலே என் தயிர் டப்பா. உள்ளே பணியாரம். ஒன்றுகூடக் குறையவில்லை.

எட்டரை மணிக்கு நீச்சலுக்குப் பிள்ளைகளைக் காரில் ஏற்றும்போது அவளே சொன்னாள்.

"பணியாரம் சூப்பரா இருந்தது. இவ கேட்டுக் கேட்டு சாப்ட்டா."

அவள் மகள் நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தது. பார்த்ததோடு சரி. எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஓ, அப்டியா" என்று மட்டும் சொன்னேன். இவளிடம்தான் என் பிள்ளையை விடுகிறேன், இவள் இன்னும் எதிலெல்லாம் இப்படிச் சிரித்துக்கொண்டே பொய் சொல்கிறாள் என்று அன்று முழுக்க அதுதான் மண்டையில் ஓடியது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்.

"அடுத்தவங்க குப்பையக் கிளறுனியா? கிறுக்கா உனக்கு?"

"கிளறல. மூடியத்தான் தூக்குனேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டி. சாப்பிடாட்டி போறாங்க, விடு. அவங்க பழக்கம் அது."

"சாப்பிடாம போகட்டும். சூப்பர்னு எதுக்குச் சொல்லணும்?"

"உங்கிட்ட உண்மையச் சொல்லிட்டு அவங்க உசுரோட இருக்கணுமா இல்லையா?" என்று சொல்லிவிட்டு அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை ப்ளூபெர்ரி பறிக்கப் போவதாக முன்பே முடிவாகியிருந்தது. தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் பண்ணைகள். வாளியைக் கையில் கொடுத்து உள்ளே விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் போனேன். இல்லாவிட்டால் அவளோடு ஒரே காரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஊரில் கேட்கிறவர்களுக்கு ப்ளூபெர்ரி நாவல்பழம் மாதிரி என்று சொல்லி வைக்கிறோம். மாதிரியெல்லாம் இல்லை. நாவல்பழம் நாக்கைப் பிடிக்கும். இது எதையும் பிடிக்காது, சமத்துப் பழம். வெயிலில் நின்று இரண்டு வாளி பறித்தோம்.

வெளியே வரும்போது பழத்தோடு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் காப்ளர் செய்முறை. அடியில் பழமும் சர்க்கரையும், மேலே மாவை உருண்டை உருண்டையாகப் போட்டு ஓவனில் வேகவைப்பது.

"மாம், கேன் வி மேக் திஸ்? டுடே?" என்றாள் என் மகள்.

"சாயங்காலம் பாக்கலாம்."

அப்போது அவள் பக்கத்தில் வந்தாள். "நாங்களும் வரோம். அஞ்சு மணிக்கு வரட்டா? சேந்து சாப்பிடலாம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றாள். "அதுல எக் போடுவீங்களா?"

ஆறு வருடமாகக் கேட்காதவள் கேட்டாள். பணியாரத்தைத் தூக்கி எறிந்தவள் இப்போது முகத்துக்கு நேராகவே கேட்க ஆரம்பித்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. என்னமோ திட்டத்தோடு வருகிறாள். வேறு யாரையாவது கூட்டி வந்து வேடிக்கை காட்டப் போகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

"போட மாட்டேன்" என்றேன். தாளிலும் முட்டை இல்லை.

நாலு மணிக்கு ஆரம்பித்தேன். பழத்தைக் கழுவி, காம்பு கிள்ளி, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் ஒரு ஸ்பூன் சோளமாவும் போட்டுப் பிசறிக் கண்ணாடித் தட்டில் பரப்பினேன். மைதாவில் பேக்கிங் பவுடர், உப்பு, சர்க்கரை. குளிர்ந்த வெண்ணெயை விரலால் உதிர்த்தேன். தயிரைத் தண்ணீர் விட்டு அடித்து ஊற்றினேன். மாவு தயாராகிவிட்டது. அத்தோடு முடிந்தது வேலை.

ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு முட்டையை எடுத்தேன். முட்டை போட்டால் மேல்மாவு இன்னும் மெத்தென்று வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. இன்றைக்கும் டப்பாவில் வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில்தான் போடப்போகிறாள், குப்பைக்குப் போவதில் முட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அதுதான் நிஜமான காரணம். உடைத்து ஊற்றிக் கலக்கினேன். முட்டை ஓட்டைக் குப்பையில் அடியில் தள்ளி மேலே காகிதம் போட்டு மூடினேன். மூடியபோதே தெரியும், நல்ல காரியம் செய்கிறவள் ஓட்டை மறைக்க மாட்டாள் என்று. தெரிந்துதான் தட்டை ஓவனில் வைத்தேன்.

ஐந்து மணிக்கு வந்தாள். வேறு யாரும் வரவில்லை, அவளும் மகளும்தான். பிள்ளைகள் பின்பக்கம் விளையாடப் போயின. தட்டை எடுத்து வைத்தேன். ஓரத்தில் ஊதாச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மேல்மாவு நன்றாகவே உப்பியிருந்தது.

"வாசனையே நன்னா இருக்கு" என்றாள்.

"டப்பா எடுக்கட்டா?" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"இல்ல. இங்கயே சாப்பிடறேன். கிண்ணத்துல போடுங்க."

போட்டேன். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. அவள் ஸ்பூனை எடுத்தாள், உடனே சாப்பிடவில்லை.

"புதன்கிழமை காலைல உங்களப் பாத்தேன். டோர்பெல் கேமரால."

மூடியைத் தூக்கிய கையோடு நான் நின்ற காட்சி அவள் போனில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று காலை என்னிடம் சூப்பர் என்றாளா?

"எட்டரைக்கு உங்ககிட்ட சூப்பர்னு சொன்னேனே, அப்பப் பாக்கல. ஆபீஸ் போனப்புறம்தான் பாத்தேன். எனக்கு எங்க முகத்த வெச்சுக்கறதுன்னு தெரியல" என்றாள். "வீட்ல நான்வெஜ் சமைக்கற பாத்திரம்னா எனக்கு உள்ள எறங்காது. சின்ன வயசுலேர்ந்து அப்படி. சொன்னா நீங்க பேசவே மாட்டேளோன்னு பயம். அதான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லிண்டு வந்தேன். இனிமே அது வேண்டாம். இன்னிக்குச் சாப்பிடறேன்."

ஸ்பூனில் எடுத்தாள். பழம் கொஞ்சம், மேல்மாவு நிறைய.

பண்ணையில் அவள் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தூக்கிப் போடப்போகிறவளுக்கு முட்டை இருந்தால் என்ன? சாப்பிடப் போகிறவள்தான் கேட்பாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சாப்பிட நினைத்ததால் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாள். நான் போட மாட்டேன் என்றதை நம்பி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பேசாமல் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. சாப்பிட்டிருப்பாள், நாங்கள் நன்றாக இருந்திருப்போம்.

"வைங்க கீழ" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "முட்டை போட்டிருக்கேன்."

அவள் ஸ்பூனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மறந்துபோயா?"

"இல்ல. தெரிஞ்சேதான். எப்டியும் குப்பைல போடுவீங்கன்னு நெனச்சேன்."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை நீச்சலுக்கு யார் கூட்டிப்போவது, பள்ளிப் படிவத்தில் யார் நம்பரை எழுதுவது என்றெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் மனம் ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

"சாப்ட்டிருந்தா?" என்றாள்.

"சாப்பிட விடலையே."

"கடைசி செகண்ட்ல."

"ஆமா. கடைசி செகண்ட்லதான். என்ன செய்யச் சொல்றீங்க? நீங்க மட்டும் ஆறு வருஷமா எனக்குச் சூப்பர் சொல்லலையா?"

"நான் உங்களுக்கு எதையும் ஊட்டல."

அவள் சொன்னது சரி. இரண்டும் ஒன்று இல்லை. என்னுடையதுதான் பெரிது.

பின்பக்கம் பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் அவள் மிச்சமிருந்த வாளியைப் பார்த்துச் சொன்னாள்.

"பழம் இருக்கே. இன்னொண்ணு பண்ணுங்க. எங்காத்து ஓவன்ல பண்ணலாம்."

"மாட்டேன். உங்க வீட்டு ஓவன்ல பண்ணினா நீங்க சாப்பிடறது என் சாப்பாடு இல்ல. இங்கதான் பண்ணுவேன். இந்த ஓவன்ல. இதுல கோழியும் வெந்திருக்கு, அதையும் சொல்லிடறேன்."

அவள் ஓவனைப் பார்த்தபடி நின்றாள். நான் ஐந்து எண்ணும் நேரம் இருக்கும்.

"சரி. ஆனா நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. என் அடுப்படியில் எனக்குக் காவலா என்று வாய்வரை வந்தது. ஆனால் ஓட்டைக் காகிதத்துக்கு அடியில் மறைத்தவள் நான். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது, எரிச்சலே அதுதான்.

"நின்னு பாருங்க" என்றேன்.

முதல் தட்டைப் பிள்ளைகளும் கணவரும் காலி செய்யட்டும் என்று நகர்த்தினேன். "எங்க பொண்ணுக்கு?" என்று இழுத்தாள். "அவளுக்கு ரெண்டாவது தட்டுலேர்ந்து குடுக்கறேன்" என்றேன். புதுத் தட்டைச் சோப்புப் போட்டு அவள் கண்முன் தேய்த்தேன். பழம், சர்க்கரை, மைதா, வெண்ணெய். ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும் அவள் கழுத்து நீண்டது. நானும் வேண்டுமென்றே ஒவ்வொன்றையும் அவள் மூக்குக்கு நேராகக் காட்டினேன்.

"போதும், விளையாடாதீங்க" என்றாள்.

"பாக்கணும்னீங்களே, பாருங்க. இது தயிர். மாடு குடுத்தது."

சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

முக்கால் மணி நேரம் ஓவன் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவள்மேல் கண், அவளுக்கு ஓவன்மேல். வெந்து ஆறியதும் முதல் ஸ்பூனை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், மாத்திரை விழுங்குகிற மாதிரி. இரண்டாவது ஸ்பூனுக்குக் கண்ணை மூடவில்லை.

"சர்க்கரை ஜாஸ்தி" என்றாள்.

"பண்ணைக்காரன் போட்ட அளவு அது."

"அவனுக்கு ஜாஸ்தி பழக்கம் போல."

பாதிக் கிண்ணம்தான் சாப்பிட்டாள். மீதியை வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை அவள் முறை, நேரத்துக்கு வந்து ஹார்ன் அடித்தாள். அந்தப் பாதியைப் பிடிக்காமல் வைத்தாளா, அதற்குமேல் அவளால் முடியாமல் வைத்தாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்றே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை.