ஐந்தாவது திறப்பு

போன கிழமை ஒரு பிள்ளை கையில் டேப்லெட்டோடு வந்து வாசல் படலையில் நின்றது. ஏதோ ஆய்வாம்.

"ஐயா, உங்கட ஊரில சமூக ஒற்றுமை எப்பிடி? ஒண்டு துவக்கம் அஞ்சுக்குள்ள ஒரு இலக்கம் சொல்லுங்கோ."

நாலு என்றேன். ஏன் நாலு? ஐந்து என்றால் பொய் போலிருக்கும், மூன்று என்றால் ஊருக்கு மரியாதையில்லை... அவ்வளவுதான்!

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. "செல்வியக்கா வயல் வேலைக்குப் போட்டா. அவாக்கும் நாலெண்டே போடுங்கோ பிள்ளை" என்றேன். பிள்ளையும் தட்டிக்கொண்டு போய்விட்டது.

ஆனால் அந்த நாலு என்னை விடவில்லை. வாயால் ஒற்றுமை என்று யாரும் சொல்லலாம். பூட்டின வீட்டின் திறப்பைச் சும்மா கொடுப்பார்களா? அதையே கேட்டுப் பார்ப்போம் என்று புறப்பட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடு. வாய்க்கால் தண்ணீருக்காக எல்லோரோடும் சண்டை பிடித்த மணியண்ணையிடம்தான் முதலில் போனேன்.

"வெளியூர் போனா திறப்பை ஆரிட்டக் குடுப்பியள்?"

"இதென்ன கேள்வி? செல்வியக்காவிட்டத்தான்!"

மற்ற இரண்டு வீட்டிலும் அதே பதில். என் வீட்டுத் திறப்பும் இருபது வருடமாக அங்கேதான்.

செல்வியக்காவின் தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவா எங்கள் வயல்களில் வேலை செய்கிறா, மூன்று ஆடு வளர்க்கிறா. அவா சாவி என்பா, நாங்கள் திறப்பு என்போம். அவா வீட்டுக்கும் போனேன். சமையல் நடக்கும் குசினிக் கதவோரம் ஒரே ஆணியில் நாலு திறப்பும் தொங்கின. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஐந்தே சொல்லியிருக்கலாம்!

"உங்கட திறப்பு ஆரிட்ட அக்கா?" என்று சும்மா கேட்டேன்.

சிரித்தா. "இடுப்புலதான். நான் எங்க தம்பி போறேன்?"

பிறகு குரல் இறங்கியது. வவுனியாவில் மகளுக்குத் தலைப்பிரசவம். இந்தக் கிழமையே இருக்குமாம். தினமும் போன் எடுத்து அழுகிறாளாம்.

"போகணும். ஆட்டைப் பாத்துக்க யாரைக் கேக்கிறதுன்னுதான் தெரியல."

நாலு வீட்டுத் திறப்பையும் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு சொல்கிற கதையா இது?

"எங்களைக் கேட்டா என்னக்கா?"

"சாவி குடுக்கிறது நீங்க, வாங்கி வைக்கிறது நான். அப்படியே பழகிப்போச்சு தம்பி."

வெட்கமாகப் போய்விட்டது. என் வீட்டு அலுமாரி எங்கே இருக்கிறது என்று அவாவுக்குத் தெரியும். அவாவின் படலையைத் தாண்டி நான் உள்ளே போனது திறப்பு வாங்க மட்டும்தான்.

நேற்றுக் காலை செல்வியக்கா வவுனியா பஸ் ஏறினா. தன் வீட்டுத் திறப்பை என் கையில் வைத்துவிட்டு, ஏறும்வரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தா. ஆடுகளுக்குத் தண்ணீர் நான், தின்னக் குழை வெட்டுவது மணியண்ணை.

அவா வந்ததும் அந்த ஒன்று துவக்கம் ஐந்து கேள்வியை அவாவிடமே கேட்கப்போகிறேன். என்ன இலக்கம் சொல்லுவா? அறிய ஆசைதான்... கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.