படிச்சாச்சு

கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து, உட்கார வைத்து, கடுகைவிடச் சின்னத் திருகாணியை முடுக்கி, வந்தவரின் மூக்கில் மாட்டிப் பார்ப்பாள். பிறகு எழுத்து அட்டையைக் கையில் கொடுத்து, "கடைசி வரியைப் படிங்க" என்பாள். பார்க்காமலே "தெரியுது, தெரியுது" என்று எழுந்து ஓடப் பார்ப்பவர்களை அவள் விடுவதில்லை. "எனக்காக ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிட்டுப் போங்க" என்று உட்கார வைத்துவிடுவாள். இந்த ஒரு விஷயத்தில் முதலாளி பேச்சைக்கூடக் கேட்கமாட்டாள்.

வந்து போகிறவர்களைப் பற்றிக் குட்டிக் கதைகள் எழுதி, எழுதுகிறவர்கள் கூடும் ஒரு செயலியில் போட்டுவந்தாள். அங்கே அவள் பெயர் திருகாணி. முதல் கதைக்கு இரண்டு ஓட்டு விழுந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்று வீட்டுக்காரருடையது, அதையும் அவர் ஃபோனைப் பிடுங்கி அவள்தான் அமுக்கினாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அந்த மனுஷன் தங்கமானவர்தான், கதை என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார்.

"படிச்சீங்களா?"

"ஓ, பிரமாதம்."

"முடிவுல என்ன ஆச்சு?"

"அதான்... எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே."

அந்தக் கதையின் முடிவில் பெரியவர் செத்துப் போயிருந்தார்.

அப்போதுதான் அந்தச் செயலியில் எழுதுகிறவர்களின் குழு ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் பதினோரு பேர், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் கதை போட்டால் மற்ற பத்துப் பேரும் போய் ஓட்டுப் போட வேண்டும். போட்டதற்கு அடையாளமாகக் கீழே 'படிச்சாச்சு' என்று எழுத வேண்டும். இது குழுத் தலைவர் போட்ட சட்டம். பொல்லாத கூட்டமெல்லாம் இல்லை. எழுதியதை ஒருத்தராவது எட்டிப் பார்க்கமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தவர்கள், அவ்வளவுதான். அவள் காலையில் அடுப்பில் பால் பொங்குவதற்குள் பத்துக் கதைக்கும் 'அருமை! படிச்சாச்சு' போட்டு முடித்துவிடுவாள். படித்தாளா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் தாழ்ப்பாள். பார்சல் கிடங்கில் வேலை. திருகாணியும் தாழ்ப்பாளும் ஒரே இரும்புக் கடைச் சரக்கு என்று குழுவில் கேலி செய்வார்கள். அவள் கதைக்கு முதல் ஓட்டு எப்போதும் அவருடையதுதான். அதனால் ஒரு தடவை நாலு நாளாகியும் அவர் ஓட்டு வராதபோது அவளுக்குச் சுருக்கென்றது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் பின்னறையில் உட்கார்ந்து, அவருக்குத் தனியாக எழுதினாள்: "என்ன சார், என்னை மறந்துட்டீங்களா? ஓட்டு வரலையே!" கூடவே சிரிக்கிற மூஞ்சி ஒன்று.

அனுப்பிய பிறகுதான், அந்த மனுஷன் அப்படி என்னதான் எழுதிக் கிழித்திருக்கிறார் என்று அவருடைய கடைசிப் பதிவைத் திறந்தாள். தலைப்பு 'செவ்வாய்க்கிழமை'.

'செவ்வாய்க்கிழமை காலையில் என் மனைவி இறந்துவிட்டாள். இரண்டு வருடமாகப் படுக்கையோடு இருந்தவள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முதலில் கேட்பது திருகாணி கதையைத்தான். கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வாங்க வராமலே போன தபால்காரர் கதையை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அவர் வந்தாரா என்று கேட்டு எழுதச் சொன்னாள். எழுதினேன். பதில் இல்லை. திருகாணிக்கு நேரம் இருந்திருக்காது. இனி நான் எழுதி யார் கேட்கப் போகிறார்கள்? இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.'

கீழே வரிசையாகப் பத்து 'படிச்சாச்சு'. மூன்றாவது அவளுடையது: 'அருமை! படிச்சாச்சு. தொடர்ந்து கலக்குங்க!'

சற்றுமுன் அனுப்பியதையாவது அழிக்கலாம் என்று ஓடினாள். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

வீட்டுக்குப் போனதும் ஃபோனை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அன்றைக்கு அவர் உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தார். முகம் மாறிவிட்டது.

"என்னன்னு மன்னிப்பு கேக்கறது?" என்றாள் அழுகையோடு.

"கேட்டு என்ன ஆகப்போகுது? அந்த மனுஷன் எழுதினதைப் போய்ப் படி."

படித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், துணி காயும் மொட்டைமாடியில். தாழ்ப்பாளின் கதைகள் எண்பத்தாறு. முதலில் எண்பத்தாறுக்கும் தான் போட்டிருந்த ஓட்டைத் திரும்ப எடுத்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து மறுபடி போட்டாள். தலைவர் குதித்தார்.

"என்ன திருகாணி, தாழ்ப்பாளுக்கு ஓட்டு குறையுது? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"படிக்காம போட்டது தலைவரே. படிச்சிட்டுப் போடறேன்."

அரைநாள் கழித்துக் குழுவில் ஒருவர் 'நானும்தான் படிக்கல' என்று எழுதினார். பின்னாலேயே இன்னொருவர்.

ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் அவள் ஏதாவது எழுதினாள். படித்தவர்களால் மட்டுமே எழுத முடிகிறதை எழுதினாள். பார்சலுக்குள் அலாரம் அடித்து கிடங்கே வெளியே ஓடிய கதைக்கு, 'பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், எல்லாரும் பார்த்தார்கள்.' முகவரி அழிந்துபோன பெட்டியின் கதைக்கு, 'அதை உங்கள் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டீர்களே, அங்கே அழுதேன்.' முப்பத்தொன்றாவது கதைக்கு, 'காவலாளியின் சட்டை முதலில் பச்சை, கடைசியில் நீலம். எது சரி?'

அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. எழுபதாவது கதையைத் தாண்டியபோது, இனி வராது என்றே நினைத்துக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. கதைகள் நன்றாக இருந்தன. அதுதான் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

எண்பத்தாறும் முடிந்த மறுநாள், ஒரு கண்ணாடியின் மூக்குத்தாங்கியை மாற்றிக்கொண்டிருந்தபோது ஃபோனில் செய்தி வந்தது. தாழ்ப்பாள்.

'சட்டை நிறத்தை அவளும் அப்பவே சொன்னா. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். இன்னைக்கு மாத்திட்டேன். பச்சைதான்.'

அவள் மூச்சை இழுத்து விடுவதற்குள் அடுத்தது வந்தது.

'தபால்காரர் வந்தாரா?'

அவள் டிராயரைத் திறந்தாள். பழுப்பு நிற ஃபிரேம், சீட்டு கட்டிய உறைக்குள் அப்படியே இருந்தது. வந்தார், வாங்கிக்கொண்டார், கடைசி வரிவரைக்கும் படித்தார் என்று எழுதிவிட விரல் பரபரத்தது. ஆனால் இந்த மனுஷனிடம் இனி ஒரு பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

'இன்னும் வரல சார். கண்ணாடி என் டிராயர்லதான் இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை துடைச்சு வைக்கிறேன். முதலாளி தூக்கிப் போடச் சொன்னார், நான் விடல. தபால்காரர் வந்தா முதல்ல உங்க வீட்டுக்குத்தான் சொல்வேன். அக்கா கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க.'

இரண்டு பேர் வந்து கண்ணாடி வாங்கிப் போனார்கள். இருவரையும் அட்டையின் கடைசி வரிவரைக்கும் படிக்க வைத்தாள். அப்புறம் ஃபோனை எடுத்துப் பார்த்தாள்.

'படிச்சாச்சு. அவ படுத்திருந்த கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, வாய்விட்டு.'