மேல்கை

இல்லை, அகராதியில் பார்த்ததல்ல. அந்தச் சொல் எனக்குத் தக்காளிச் செடியின் வாசனையோடு வந்தது. கையெல்லாம் பச்சைக் கறை... சோப்புக்கும் போகாது.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டம். மினி லாரி வந்ததும் தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேட்டுகளைக் கீழிருந்து தூக்கிக் கொடுப்பவர் கீழ்க்கை. மேலே நின்று வாங்கி அடுக்குபவர் மேல்கை. எங்கள் வீட்டுப் பேச்சு அது.

மாமா மேல்கை. அம்மா கீழ்க்கை. எப்போதும்.

பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில டீச்சர் ‘அப்பர் ஹேண்ட்’ என்று பலகையில் எழுதி வாக்கியம் கேட்டார். மற்றவர்கள் யோசித்தார்கள். நான் எழுந்துவிட்டேன்.

“மை அங்கிள் இஸ் அப்பர் ஹேண்ட். மை மதர் இஸ் லோயர் ஹேண்ட்.”

என்ன அது என்று கேட்டார். லாரியைப் பற்றிச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் திருத்தினார்.

“ஒருத்தர் கை ஓங்கி இருக்கறதும்மா. அவருக்குச் சாதகமான நெலம. தக்காளி லோடு இல்ல.”

அந்த வருடம் முழுக்க எனக்கு அதே பெயர். “லோயர் ஹேண்ட் வருதுடா, வழி வுடு!”

வகுப்பு சிரித்த அன்று மாலையே மாமாவிடம் கேட்டேன்.

“அம்மா மேல வரட்டும் மாமா. நீங்க கீழ நில்லுங்க.”

“உங்கம்மா லாரி மேல நின்னா ஊரே வேடிக்க பாக்கும். போ புள்ள, போயி படி.”

அம்மா வலது தோளைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கிரேட்டைத் தூக்கினாள்.

நான் சொன்ன அர்த்தம் தப்பில்லை. அப்போதே தெரியும். வாதாடத்தான் ஆங்கிலம் போதவில்லை.

இப்போது பெங்களூரில் வேலை. மீட்டிங்கில் அடிக்கடி யாராவது ‘அப்பர் ஹேண்ட்’ என்று சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன், பிழையில்லாமல். யார் கையிலும் கறை இல்லை.

போன ஞாயிறு ஊரில் இருந்தேன். அதே வாசனை. லாரி மட்டும் புதிது. மேலே மாமா. கீழே அம்மா. கை தோளுக்கு மேல் எழவில்லை... கிரேட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

“மாமா, எறங்குங்க.”

“என்னாடி, பெங்களூர்ல இருந்து வந்து அதிகாரம் பண்ற?”

“அம்மா ஏறட்டும். எறங்குங்க.”

“ஐயோ, எனக்கு ஏறத் தெரியாதுடி” என்றாள் அம்மா. அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.

மாமா முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

அம்மா டயரில் கால் வைத்து ஏறும்வரை பிடித்துக்கொண்டேன். பிறகு கீழே நின்று, முதல் கிரேட்டைத் தூக்கிக் கொடுத்தேன்.